கார் ஷெட்டுக்கு ஏசி

கத்திரி வெயில் தொடங்க ஒரு நாள் இருக்கும்போது, முசரவாக்கத்திலிருந்து ஏசி மெக்கானிக் சாமுவேல் புதுப் பெட்டியோடு வந்து நின்றார். கார் ஷெட்டில் மாட்ட வேண்டுமாம். மனைவி புவனேஸ்வரி ஆர்டர் கொடுத்த விஷயமே குமரகுருவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஷெட்டுக்கு எதுக்குப்பா ஏசி? ஷட்டர் இடுக்கு வழியா குளிரெல்லாம் ஓடிப்போய்டும்."

"ரப்பர் பட்டை வெச்சு அடைச்சுடலாம் சார்."

"மேற்குச் சுவரு அனலா கொதிக்குதே?"

"அதான் கிழக்குல மாட்டறேன். ஒன்றரை டன்னு, தாராளமா போதும்."

குமரகுரு சொன்ன ஒவ்வொரு தடைக்கும் சாமுவேலிடம் ஒரு வழி இருந்தது.

"கார் எங்க சார் நிக்கும்? காத்து அந்தப் பக்கம் அடிக்கற மாதிரி வெக்கறேன்."

புவனேஸ்வரிதான் வாசற்படியில் நின்று சொன்னாள்: "காரை வித்தாச்சுப்பா. அங்க மடக்கி வெச்சிருக்குது பாரு கட்டிலு, அதைப் போடற பக்கம் அடிக்கட்டும். அவரு இங்கதான் படுக்கறாரு."

சாமுவேல் ஏசியை ஓட விட்டார். "ஜில்லுனு இருக்குதா சார்?"

"இருக்குதுப்பா."

தன்னைக் கேட்காமல் காரை விற்றுவிட்டாரென்று தீபாவளியன்று அவள் சண்டை போட, தலையணையோடு ஷெட்டுக்கு வந்தவர் குமரகுரு. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. கத்திரி வந்தால் மனசு கேட்காமல் அவளே உள்ளே கூப்பிடுவாள் என்று ஆறு மாதமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு மனசு கேட்கவில்லைதான். ஏசி வாங்கிவிட்டாள்.