வீட்டுக்குப் போகும் காட்சி

சோற்று உருண்டை பாதி வழியில் நின்றது.

டிவியில் இன்ஸ்பெக்டர் ருத்ரமூர்த்தி கூலிங் கிளாஸைக் கழற்றினார். கழற்றினால் அடுத்து என்ன என்று, ஊட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தெரியும்.

தெரியாமல் என்ன? வருஷக்கணக்கில் வியாழக்கிழமை தவறாமல் பார்த்த துப்பறியும் சீரியல். பஸ் டெப்போ ஆயுத பூஜை மேடையில் அவர் வேஷம் கட்டினாலும் அதே கண்ணாடி, அதே நடை, அதே கட்டைக் குரல். கண்டக்டராக டிக்கெட் கிழித்ததற்கு யாரும் அவருக்குக் கை தட்டியதில்லை. ருத்ரமூர்த்தியாக வந்தால் விசிலே பறக்கும்.

டிவியில் இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"ஏட்டையா, பாத்ரூம்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி வைங்க. தம்பி வழுக்கி விழப் போறாரு."

டொய்ங் என்று ஓர் இசை. சிரிக்க வேண்டிய இடம்.

மகன் மாதேஷ் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். சோற்றுக்காகத்தான். வலது கையில் முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு. இடது கை விரல்கள் வீங்கி, மடங்கவில்லை.

அவனும் பாத்ரூமில்தான் வழுக்கி விழுந்திருந்தான்.

போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூமில்.

செயினை அறுத்துக்கொண்டு ஓடியவன் வந்தது கறுப்பு வண்டியில். மாதேஷ் சாப்பாடு டெலிவரிக்குப் போவதும் கறுப்பு வண்டியில். அவ்வளவுதான் துப்பு. நிஜத் திருடன் சிக்கியதும் இவனைக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். கை எப்படி உடைந்தது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது பக்கத்திலேயே ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார்.

வழுக்கி விழுந்துட்டேன் சார்.

வீட்டுக்கு வந்தும் அதையேதான் சொன்னான். அம்மாவிடம். அப்பாவிடம். வீடு தேடி வந்த வக்கீலம்மாவிடமும். பையன் வாயைத் திறந்தால்தான் கேஸ் போட முடியும் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார்.

அவன் உள்ளங்காலிலும் வழுக்கியிருந்தான். அங்கே வரிவரியாகத் தடித்திருந்தது.

என்ன பாத்ரூமோ.

பையனைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் பழைய எபிசோடை அப்பா யூடியூபில் தேடிப் போட்டார். சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து அவன் கைகொட்டிப் பார்த்த சீரியல். இந்த வசனம் வருமே என்று யோசித்தாரா? யோசிப்பதற்கெல்லாம் தனியாக மூளை வேண்டும்.

சீரியலுக்கு வயதாகியிருந்தது. லாக்கப் கம்பியைப் பிடித்து உலுக்கினால் சுவரும் சேர்ந்து ஆடியது. இன்ஸ்பெக்டரின் விக் நெற்றியோடு ஒட்டாமல் தனிக்குடித்தனம் நடத்தியது. யார் கன்னத்தில் விழுந்தாலும் ஒரே அறைச் சத்தம்.

அதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

வாராவாரம் நாலு பேரைப் பிடித்தார்கள். மூன்று பேர் அடி வாங்கினார்கள். நாலாவது ஆள் திருடன்.

அந்த மூன்று பேர்?

இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவர் இதைக் கேட்டதில்லை. விளம்பரம் முடிவதற்குள் கரண்ட் போய்விடுமோ என்று மட்டும் கவலைப்பட்டிருக்கிறார்.

ஆத்திரம் வந்தது. முதலில் ருத்ரமூர்த்தி மேல். அப்புறம் அந்த வசனத்தை எழுதிவிட்டு டீ குடிக்கப் போனவன் மேல். அப்புறம், இப்படி ஒரு அதிகாரி இருந்தால் நாடு உருப்படும் என்று கீழே கமெண்டில் கும்பிடு போட்டிருந்த அத்தனை பேர் மேல். ஒவ்வொருத்தன் வீடாகப் போய்க் கதவைத் தட்டிச் செருப்பால் அடிக்க வேண்டும். போலீஸ் பிடியில் மாவுக்கட்டோடு நிற்கிறவன் போட்டோவைச் சிரிப்புப் பொம்மை வைத்து டெப்போ வாட்ஸப் குரூப்பில் போடுகிறவர்களையும் விடக்கூடாது.

அந்தக் குரூப்பில் அதிகம் போட்டது யார் என்று பார்த்தால், செருப்பைத் தன் பக்கமே திருப்ப வேண்டியிருந்தது.

திருப்பினார்.

டிவியில் லத்தி இறங்கியது. சந்தேகத்தில் பிடித்து வந்தவன் "ஐயோ அம்மா" என்று ராகம் போட்டு அலறினான்.

"இப்பிடிக் கத்த வராதுப்பா."

மாதேஷ்தான். கண் திரையில் இருந்தது.

"மொத அடிக்கே மூச்சு நின்னுரும். அப்புறம் சத்தமே வராது."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வாயை மூடிக்கொள்வான். உருண்டை விரலிடுக்கில் பிதுங்கியது.

"ஆஃப் பண்ணிரட்டுமாடா?"

"வேணாம். இவன் வீட்டுக்குப் போறானான்னு பாக்கணும்."

பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஏட்டையா டீ கொடுத்தார். வேறு எவனோ காரில் தப்பி, குட்டிச்சுவரில் மோதி, பிடிபட்டான். அவன்தான் திருடன். கலெக்டர் வந்து கை குலுக்கினார். பெயர்கள் ஓடின.

இவன் வரவில்லை.

அப்பா சோறு படாத இடது கையால் ரிமோட்டைத் தடவி எடுத்து அடுத்த எபிசோடைப் போட்டார். வேறு கொலை. வேறு நாலு பேர். பழையதற்கே திரும்பி, முதலிலிருந்து தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒருவேளை தான்தான் கவனிக்கவில்லையோ. ஒரு வாசல், ஒரு செருப்பு, கதவைத் திறக்கிற ஓர் அம்மா, ஏதாவது.

இல்லை.

டிவியை அணைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பீரோவிலிருந்து மாதேஷின் நீலச் சட்டையை எடுத்தார். கட்டுப் போட்ட கை அதில் நுழையாது. கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, வலது கைத் தையலைத் தோள்வரை பிரித்தார்.

"அது பொறந்தநாள் சட்டைப்பா."

"தெரியும். வக்கீலம்மாவப் பாக்கப் போறோம்."



மாதேஷ் கட்டுப் போட்ட கையை மெதுவாகத் தூக்கிக் கொடுத்தான்.