இரண்டு இழுப்பு

அவன் கயிற்றை இரண்டு முறை இழுத்தான்.

இரண்டு என்றால், மூச்சு முடிந்தது, தூக்கு.

ஆறு பாகம் ஆழம், ஆறு ஆள் உயரம். எதிரே, கடல் கொண்ட ஊரின் மதில். கையில் அளவு நாடா. அடியில் நின்று அளக்கத் தோதாக, தொல்லியல்காரர்கள் அவன் இடுப்பில் ஈயக்கட்டி பூட்டியிருந்தார்கள். கயிறு தூக்கினால்தான் மேலே வரலாம்.

சங்கு குளிக்கிறவனின் கயிற்றைப் பெண்டாட்டியின் அண்ணன்தான் பிடிக்க வேண்டும். தங்கச்சியை விதவையாக்க எவனுக்கும் கை வராது என்ற நம்பிக்கையில் வந்த வழக்கம்.

நேற்று அவன் பெண்டாட்டி மதலேனாளின் முன்பல் இரண்டை உடைத்திருந்தான். மீனில் முள் இருந்தது அவள் செய்த குற்றம்.

கயிறு ஏறியது.

தலை வெளியே வந்தது. ஒரு மூச்சு. மச்சான் தொம்மை படகிலிருந்து குனிந்து மூக்கில் குத்தினான். எலும்பு நொறுங்கியது. கயிற்றை விட்டான்.

மறுபடி மதில்.

மறுபடி இரண்டு இழுப்பு. ஒரு மூச்சு. ஒரு குத்து. இந்தத் தடவை பல் கழன்றது. அவனுக்கு முன்பாகவே இறங்கி, மதில் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

ரத்தவாடைக்கு ஒரு சுறா வந்தது. நிலவரத்தைப் பார்த்தது. குடும்ப விஷயம் என்று திரும்பிப் போனது. நம்பாதவர்கள் அதையே கேட்டுக்கொள்ளலாம்.

தொல்லியல்காரர்கள் தூரத்துப் படகிலிருந்து பார்த்தார்கள். 'உள்ளூர்ச் சடங்கு' என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். மீதி மதிலையும் அளக்கச் சொல்லிக் கொடி அசைத்தார்கள்.

மூன்றாவது தடவை தலை வெளியே வந்தது.

"ரெண்டு பல்லுல்லா மாப்ள. ஒண்ணுதான ஆயிருக்கு."

குத்தினான். பல் அசையவில்லை. தொம்மையின் கைதான் பேத்தை மீனாக வீங்கியது. அந்தக் கையால் இனிக் கயிறு பிடிக்க முடியாது.

சோறாக்கப் படகில் வந்திருந்த மதலேனாள் அடுப்பை விட்டு எழுந்தாள். வாயை மூடியிருந்த முந்தானையை எடுத்தாள். அண்ணனிடமிருந்து கயிற்றை வாங்கினாள்.

அவன் படகின் விளிம்பை இறுகப் பற்றினான்.

அவள் கொதிக்கும் உலையிலிருந்து எடுத்த அகப்பையை அவன் விரல்கள்மேல் வைத்தாள்.

ஆறு பாகம்.

மதிலில் அவன் பல் வெள்ளையாகத் தெரிந்தது. நெஞ்சு எரிந்தது. கண்ணில் கறுப்புப் பூச்சி பறந்தது.

கயிற்றைத் தொட்டான்.

இரண்டு முறை இழுத்தான்.

மெதுவாக.

கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் அவளிடம் முதல் தடவையாக.