சுவர் போட்ட ஓட்டு

சீர்திருத்தக் கூட்டணி நாடாளுமன்றத்தைப் பிடித்துவிட்டது! ஈரோட்டில், ஆறாவது மாடி வீட்டில், வசுமதி சத்தமில்லாமல் கைதட்டினாள்.

இனி பெண் வேலைக்குப் போகப் புருஷனின் கைரேகை தேவையில்லை. ஓசூர் தொழிற்சாலை ஒன்று நாளைக்கே வரச் சொல்லியிருந்தது. கணவன் தனசேகர் வருவதற்குள் கிளம்பிவிட நினைத்து, பையோடு வாசலுக்கு வந்து, வீட்டை நடத்தும் பேசும் சுவரிடம் சொன்னாள்.

"சுவரு, ஓசூருக்கு டிக்கெட் போடு."

"மன்னிக்கணும் மேடம்," என்றது சுவர். "யாருக்கு ஓட்டுப் போட்டீங்களோ, அவங்க சட்டம்தான் உங்களுக்கு. உங்க ஓட்டு பழைய ஆட்சிக்கு விழுந்திருக்கு. சார் கைரேகை வேணும்."

"நான் எப்போ ஓட்டுப் போட்டேன்?"

"வாக்குச்சாவடியை எடுத்துட்டாங்களே மேடம். வீட்டுல நீங்க பேசுறதை வச்சு, சுவருங்க நாங்கதான் உங்களுக்காகப் போடுறோம். சார் சாப்பிட்டுக்கிட்டே அரசியல் பேசுறப்போ எல்லாம், 'நீங்க சொன்னா சரிதாங்க'ன்னு சொல்லியிருக்கீங்க."

"தட்டு பறக்கக் கூடாதேன்னு சொன்னேன்யா!"

"தட்டு பறந்ததும் பதிவாகியிருக்கு மேடம். ஆனா அது ஓட்டுல சேராது."

கதவு திறந்தது. தனசேகர்! தோற்ற கட்சியின் துண்டு தோளில் கசங்கிக் கிடந்தது. கண் கலங்கியிருந்தது.

"வசு, இந்த பில்டிங்லயே நம்ம கட்சிக்கு விழுந்தது ரெண்டே ஓட்டு. ஊரே கைவிட்டாலும் நீ என் பக்கம் நின்னுட்டே, பாத்தியா!"

அவள் கையிலிருந்த பையை, எதற்கென்று கேட்காமலே வாங்கி உள்ளே வைத்தான். கதவைத் தாழிட்டான்.

"வா, சாப்பாடு போடு. இன்னைக்கு நிறையப் பேசணும்."