கொச்சியில் எழுந்து நின்ற தேங்காய்

“இந்தத் தேங்காய் மேல சத்தியமுங்க, நான் சொல்றதுல ஒரு சொல்லு பொய்யில்ல. கொச்சியில மூணு மியூசியம். மூணுலயும் அத்தன பேரு பாத்தாங்க!”

வேப்பமரத்தடியில் சம்மணமிட்டிருந்த பெரியவர், மடியிலிருந்த தேங்காயைத் தட்டிக்கொண்டார்.

தனசேகர் கேட்டது ஒரே கேள்விதான்: “இதுக்கு முன்னால எங்கீங்க நீரோட்டம் பாத்திருக்கீங்க?”

கேட்காமல் எப்படி? தனசேகருக்குத் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை, பத்தாயிரம் கோழி. போட்ட இரண்டு போர்வெல்லிலும் புழுதிதான் வந்தது. மூன்றாவதும் பொய்த்தால் பண்ணையை மூட வேண்டியதுதான். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடப்பார், அடியில் தண்ணீர் இருந்தால் அது எழுந்து நிற்கும் என்று ஒரு நீரோட்டக்காரரைப் பற்றிச் சொன்னார்கள். போன் போட்டு வரச் சொல்லியிருந்தார். காலையில் தேங்காயும் கையுமாகப் பெரியவர் வந்து இறங்கினார். ரிக் வண்டியும் தயாராக நின்றது.

“மியூசியத்துக்கு எதுக்குங்க தேங்காய்?” என்றான் ரிக் ஓட்டும் தீனதயாளன்.

“வாசல்ல செக்யூரிட்டியும் அதையேதான் கேட்டான் சாமி. மடியில கட்டீட்டுப் போயிட்டேன். மொதல் மியூசியத்துல போர்ச்சுக்கீசுக்காரன் கப்பல் படம். செவுரு முச்சூடும் கடலு. தேங்காயக் கையில வெச்சேன். விருட்டுனு எந்திரிச்சு நின்னுக்கிச்சு!”

“படத்துக்கா?”

“படத்துத் தண்ணிக்கே அப்பிடி நின்னுச்சு! அடுத்த படம் அரபிக்காரன் ஒட்டகம், மணலு. பொத்துனு படுத்துக்கிச்சு. ரெண்டாவது மியூசியத்துல ஒரு டச்சுத் தொரை. தொப்பியும் தொப்பையுமா நிக்கறான். பாதி எந்திரிக்குது, மேல போவ மாட்டேங்குது. ‘இந்தாளுக்கு ஒடம்புல நீர் கோத்திருக்கு’ன்னேன். ஆபீசரம்மா ஓடிப்போயிப் பழைய ஏட்டப் பொரட்டுச்சு. தொரை செத்ததே அதுலதானாம்!”

தீனதயாளன் வாயைப் பொத்திக்கொண்டான்.

“சிரிக்காத சாமி. மூணாவது மியூசியத்துல சீனாக்காரன் ஜாடி ஒண்ணு, கண்ணாடிக் கூண்டுக்குள்ள. முந்நூறு வருசமாத் தொறக்கலைன்னு எழுதியிருக்கு. தேங்காய் கெடந்து ஆடுது. தொறந்து பாத்தா, கூட்டறவ மத்தியானத்துக் கஞ்சிய உள்ள வெச்சிருக்கா! அவ்வளவுதான். யூதரு, கொங்கணிக்காரரு, குஜராத்திச் சேட்டு, எல்லாரும் என்னையச் சுத்திக்கிட்டு ஊட்டுக்கு வாங்க வாங்கங்கறாங்க. ஆளுக்கொரு பாஷை. எல்லாத்துக்கும் ‘ஆகட்டுங்க’ன்னேன்.”

“அந்தத் தேங்காய மியூசியத்துலயே வெச்சிருக்கலாமுங்களே?”

“கேட்டாங்க. கண்ணாடிப் பொட்டிகூடச் செஞ்சுட்டாங்க. எனக்குப் பசிச்சுது, ஒடைச்சுத் தின்னுட்டேன்.”

தனசேகருக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டகையில் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

“இப்ப எங்கீங்க போடறது?”

பெரியவர் எழுந்தார். உட்கார்ந்திருந்த இடத்திலேயே நின்று தேங்காயை உள்ளங்கையில் வைத்தார். நின்றது. அவர் ஓரடிகூட நடக்கவில்லை.

“இங்கயே போடுங்க.”

தீனதயாளன் முதலாளியைப் பார்த்தான். தனசேகர் கண்ணை மூடிக்கொண்டார். “போடப்பா!”

இருநூறாவது அடியில் பூமி ஒருமுறை உறுமியது. சேறும் தண்ணீருமாகப் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. தொப்பலாக நனைந்த தனசேகர், பெரியவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “கொச்சிக்காரங்க குடுத்து வெச்சவங்க சாமி!” பெரியவர் கையைத் தூக்கி ஆசீர்வதித்தார்.

அப்போது ஒரு மொபெட் வந்து நின்றது. தோள்பையோடு ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“மன்னிச்சுக்கோங்க, வண்டி வழியில நின்னு போச்சுங்க. நான்தான் நீரோட்டம் பாக்கற மாதையன். நல்ல காயா ஒண்ணு முன்னாடியே கொண்டாந்து குடுத்துருங்கன்னு எங்கூர்த் தேங்காய் யாவாரிய அனுப்புனனே, வந்து குடுத்தாருங்களா?”