ஐந்து எண்ணுவதற்குள்

மேஜை மணி 'டிங்' என்றது. சமையலறையிலிருந்து அம்மா ஓடினாள். ஐந்து எண்ணுவதற்குள் மகள் முன்னால் போய் நிற்க வேண்டும், அதுதான் சட்டம்.

மூன்றிலேயே போய்விட்டாள். ஆனாலும் ஒன்பது வயதுச் சிட்டு நெற்றியைச் சுவரில் மோதினாள். அம்மா குறுக்கே கை வைத்தாள். சத்தம் என்னவோ சுவரில்தான் கேட்டது.

பேச்சு வராத பிள்ளை. அம்மா வேண்டுமென்றால் தலையை முட்டிக்கொள்வதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வழியாக இருந்தது.

அதை மாற்ற வந்தவர்தான் பயிற்சியாளர். முட்டிக்கொண்டால் கொஞ்சக் கூடாது, மணி அடித்தால் அம்மா ஓடிவந்து கட்டிக்கொள்ள வேண்டும் என்று பழக்கினார். ஏழு மாதம் நெற்றியில் ஒரு கீறல் இல்லை. இப்போது மூன்று வாரமாக மறுபடியும் ஆரம்பித்துவிட்டது.

இன்று பயிற்சியாளரே வீட்டுக்கு வந்திருந்தார். எப்போதும் அம்மாவிடம்தான் விவரம் கேட்பார். இன்று அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பேச்செல்லாம் லிஃப்ட் மெக்கானிக்கான கணவரிடம்தான். ஏழு மாத உழைப்பு வீணானால் யாருக்குத்தான் கோபம் வராது என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"மணி அடிச்சும் கேட்டது கிடைக்கலைன்னா, பழைய பழக்கம் திரும்பத்தான் செய்யும்," என்றார் பயிற்சியாளர்.

"யார் சொன்னா கிடைக்கலைன்னு? ஒரு தடவை விடாம ஓடுறேன் சார்!" என்றாள் அம்மா.

கணவர் அவள் பக்கம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். புருஷன்மாருக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மூன்று வாரமாக அந்த மனுஷன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை.

கடைசியில் அவர் வாயைத் திறந்தார். "இப்படியே போனா விடுதியிலதான் விடணுமா சார்?"

அம்மா குறுக்கிட்டாள். "வேணாங்க! அவ பக்கத்துலயே கிடக்கறேன். எங்கயும் போகமாட்டேன். என் பொண்ண அனுப்பிடாதீங்க!"

"அவசரப்படாதீங்க," என்றார் பயிற்சியாளர் கணவரிடம். "மணி அடிச்சா நீங்க போறீங்களா?"

"போகாம இருப்பேனா சார்? என்னைத் தள்ளிவிட்டுட்டு வாசலையே பாக்கறா."

பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். "தப்பு என்னோடதுதான். ஆரம்பத்துலயே உங்களையும் சேத்துப் பழக்கியிருக்கணும். ஒரே ஆளை நம்பி விட்டுட்டேன்."

உள்ளே மறுபடி மணி அடித்தது. அம்மா பாய்ந்து போய் மகளைக் கட்டிக்கொண்டாள். "இதோ வந்துட்டேன்டி கண்ணு, அம்மாவைப் பாரு!"

சிட்டு வாசலைப் பார்த்தாள். மணியை அடித்தாள், திரும்பவும் அடித்தாள், விடாமல் அடித்தாள். பிறகு சுவரில் 'மடார்' என்று சத்தம் கேட்டது.

கூடத்தில் பயிற்சியாளர் தணிந்த குரலில் கேட்டார்:

"அம்மா இறந்துட்டாங்கன்னு சிட்டுகிட்ட யாராவது சொன்னீங்களா?"