எட்டாவது பாஸ்

கால் விளங்காத மகள் இசபெல்லுக்கு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்து வந்தாள் பவுலின். எப்படியோ விஷயம் தோட்டப் பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டது. செல்லசாமி வாத்தியார் குடையோடு வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, கொழுந்தெடுக்கிற உனக்குப் பாடம் நடத்த என்ன தகுதி இருக்கு?”

பவுலின் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடுவாரோ?

“எட்டாவது பாசுங்க, ஐயா.”

“சர்டிபிகேட் இருக்கா? எடு.”

ட்ரங்குப் பெட்டியைக் கிளறி, அதை எடுத்து நீட்டினாள். வரிவரியாகப் பார்த்தவர் உள்ளே வந்து கதவைப் பாதி சாத்தினார்.

“பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுக்கப்போகுது. வாத்தியாருங்களுக்கும் பரீட்சை வைக்கிறாங்களாம்.” அவர் குரல் தணிந்தது. “நான் அஞ்சாவதோட நின்னவன். புள்ளைக்குச் சொல்லிக்குடுக்கிறப்ப நானும் ஓரமா உக்காந்துக்கலாங்களா, டீச்சரம்மா?”