நகராத படகு

தமயந்தி ஆறு வருடம் உழைத்து உருவாக்கிய, நீருக்குள் அனுப்பித் தேடும் சோனார் ஒலி, கடலடியில் பாறையும் மணலும் திருப்பியனுப்பும் எதிரொலிகளை ஒதுக்கிவிடும். நகரும் பொருள் மட்டுமே திரையில் தெரியும். முந்தின இரவு கவிழ்ந்த மீன்பிடி விசைப்படகு நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருக்கும் என்று நம்பித்தான் தேடும் கப்பலில் அதைப் பயன்படுத்தினாள். அதில் போய்க் காணாமல் போன மீனவர் ஐவரில் ஒருவனின் அண்ணன் பெர்க்மான்ஸும் வழிகாட்ட உடன் வந்திருந்தார்.

“இங்கனதாம் மேடம் வலை போட்டானுவ,” என்று முதல் நாளே ஓரிடத்தைக் காட்டினார். கப்பல் அங்கே ஒரு மணி நேரம் நின்றது. திரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

“இங்க ஒண்ணும் இல்லண்ணே,” என்றாள்.

மூன்று நாள் வேறெங்கெல்லாமோ அலைந்தார்கள். நான்காம் நாள் காலையில்தான், படகு அடியில் அசையாமல் கிடந்தால் தன் ஒலி அதையும் பாறையோடு சேர்த்து ஒதுக்கியிருக்கும் என்று அவளுக்கு உறைத்தது. கப்பலை முதல் நாள் நின்ற இடத்துக்கே திருப்பச் சொல்லி, பழைய ஒலியைப் போட்டாள். திரை முழுக்க எதிரொலிகள் கொப்பளித்தன. அவற்றின் நடுவே நீளமாகப் படகு கிடந்தது.

கீழே போய் வந்த முக்குளிப்பவர் முகமூடியைக் கழற்றினார். “எஞ்சின் ரூமுக்குள்ள காத்து தங்கியிருந்திருக்கு. ரெண்டு நாளாவது உயிரோட இருந்திருப்பாங்க. தட்டித் தட்டி விரல் முட்டியெல்லாம் பிஞ்சிருக்கு.”

பெர்க்மான்ஸ் அழவில்லை. தமயந்தியின் பக்கம் திரும்பினார்.

“மொத நாளு நம்ம இங்க நின்னப்போ, இந்த மிசினு சத்தம் அவனுக்குக் கேட்டிருக்குமா மேடம்?”

இல்லை என்று சொன்னால் நம்பிவிடுவார்.

“கேட்டிருக்கும்ணே,” என்றாள்.